நொட்டை அண்ணன் கார் விற்ற விதம்

போடிநாயக்கனூரில் கார் விற்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் உண்டு. மற்றவர்கள் எல்லாம், என்னையும் சேர்த்து, வெறுமனே பில் போட்டவர்கள். ஷோரூமில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நொட்டை அண்ணே. தான் விற்கும் காரைத் தானே நொட்டை சொல்லுவார், குறைகளை அடுக்குவார். அதுவும் வாங்க வந்தவர் முன்னாலேயே.

எங்கள் ஊர் வாடிக்கையாளரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலக்காய் வியாபாரத்தில் ஊறிய ஊர் இது. சரக்கை அள்ளி, மோந்து, ஒரு காயைக் கடித்து, முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நல்லாயிருக்கு என்று வாய் தவறிச் சொன்னால் விலை ஏறிவிடுமாம். அதே வாயோடுதான் கார் வாங்கவும் வருவார்கள். கதவைச் சாத்திப் பார்த்து, தகர டப்பா சத்தம் கேட்குதே என்பார்கள். சீட்டை மோந்து பார்த்தவர்களும் உண்டு. பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர், யானை வந்து சாய்ந்தால் தாங்குமா என்று கேட்டார். நான் பாவம், அவருக்கு மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மைலேஜ் பக்கமே போக மாட்டார். டிக்கி சின்னதா இருக்கே என்று யாராவது இழுத்தால், "ஒரு மூட்டை வச்சா மறு மூட்டைய நீங்க மடியிலதான் வச்சுக்கிறணும்" என்பார். வந்தவர் திகைத்துப்போய், பின்சீட்டை மடக்கினால் இடம் இருக்குமேப்பா என்பார். அண்ணன் உதட்டைப் பிதுக்குவார். அவர் இன்னும் அழுத்திச் சொல்லுவார். இப்படிக் காருக்கு வக்காலத்து வாங்கி வாங்கி, அந்த மனிதரே தனக்குக் காரை விற்று முடித்திருப்பார். அண்ணன் பேனாவை நீட்டுவதோடு சரி.

எனக்கு அந்த வித்தை வரவில்லை. சேர்ந்ததிலிருந்து ஒரு வண்டிகூட விற்கவில்லை. இந்த மாதமும் விற்காவிட்டால் நின்றுகொள்ள வேண்டியதுதான் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்த மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டிலோ, பொம்பளைப் பிள்ளைக்குக் கார் கம்பெனி சோலி எதுக்கு என்று மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, குரங்கணிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர். முதல் நாளே, ஆம்பளையாளு யாரும் இல்லையா தாயி என்று கேட்டவர். வாராவாரம் வருவார். அதே வெள்ளைக் காரைச் சுற்றுவார். புதிதாக ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவார். பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மாதக் கடைசி நாளன்றும் வந்தார். ஹாரன் ஆடு கத்துற மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டு, வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்ட ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நொட்டை அண்ணன் எழுந்து வந்தார். காரைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என்னைத் திட்டினார்.

"ஐயா, நீங்க போறதுதான் சரி. இந்தப் பிள்ளைகிட்ட யாரு வண்டி வாங்குவா? ஒரு சோலிய வெரசா முடிக்கத் தெரியாது. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு மண்ணு மாதிரி நிக்கும். இத வேலைக்கு வச்சதே தப்பு."

பெரியவர் ஒற்றைச் செருப்போடு திரும்பினார்.

"என்னப்பு பேசுற? நான் கேட்ட கேள்விக்கு என் வீட்டுக்காரியா இருந்தா சோத்துச் சட்டியத் தூக்கி எறிஞ்சிருப்பா. இந்தப் பிள்ளை ஒரு நாளு முகஞ் சுளிச்சிருக்குமா?"

"அது வெவரம் பத்தாமய்யா."

"யாருக்கு வெவரம் பத்தல? நான் வண்டி எடுத்தா இதுகிட்டத்தான் எடுப்பேன். நீ எழுது ஆத்தா."

எழுதினேன். புக்கிங் பாரத்தை இரண்டு தடவை தப்பாக எழுதிக் கிழித்துப் போட்டு எழுதினேன்.

பெரியவர் போனதும் மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, கூட வேலை பார்க்கிற பெண்ணை வந்தவர் முன்னால் இப்படியா கேவலப்படுத்துவது என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். உண்மையைச் சொல்ல நான் எழுந்தேன். அண்ணன் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார். அவர் முடித்த வியாபாரம் என்று தெரிந்தால் வண்டி விற்ற கணக்கு அவர் பேருக்குப் போய்விடும், என் வேலையும் போய்விடும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், டீ குடிக்க வர்றியா ஆத்தா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் நிறைய வண்டி விற்றேன். பொன்னாடை போர்த்தி என்னைப் புகழ்ந்தவர்களும் உண்டு. அன்றைக்கு அண்ணன் என்னைத் திட்டியதுபோல அவ்வளவு பிரியமாக என்னைப் பற்றி யாரும் பேசியதில்லை.