தக்காளித் தண்ணீரில் பன்னிரண்டு மீன்

ஆதிகேசவன் நான்காவது முறையாக எண்ணிப் பார்த்தான். பதினொன்றுதான் தேறியது. பன்னிரண்டாவது, வயிற்றை மேலே காட்டியபடி தொட்டி ஓரத்தில் மிதந்தது.

தொட்டிக்கு மேலே லேமினேட் செய்த அறிவிப்பு பல்லை இளித்தது: "எங்கள் ஆலையின் சுத்திகரித்த கழிவு நீரில் நலமாக வாழும் 12 மீன்கள்."

எழுதியவர் மேனேஜர் அன்புசெல்வன். கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பிளாண்ட் உள்ள கம்பெனிகளில், வெளியே வரும் தண்ணீரில் நாலு மீனை விட்டு வைப்பார்கள். மீன் நீந்தினால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று வருகிறவர்கள் தெரிந்துகொள்வார்கள். காக்களூரில் தக்காளி சாஸ் செய்யும் இவர்களுக்குச் சாதாரண மீன் போதுமே! அன்புசெல்வனுக்குப் போதவில்லை.

"வெள்ளிக்கிழமை எக்ஸ்போர்ட் கம்பெனி மேடம் ஆடிட்டுக்கு வர்றாங்க. கெத்தா இருக்கணும்யா" என்று, திங்கட்கிழமை புதுத் தொட்டியோடு, சுண்டுவிரல் நகமளவு மஞ்சள் சிக்லிட் மீன் குஞ்சுகள் பன்னிரண்டையும் காரில் கொண்டு வந்து இறக்கினார்.

"ஆதி, நம்ம பிளாண்ட் தண்ணியையே ரொப்பு. வெள்ளிக்கிழமை பன்னெண்டும் நீந்துச்சுன்னா நீ பர்மனென்ட்."

பிளாண்டில் ஒன்பது வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை! ஆதிகேசவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று மனைவி சின்னப்பொண்ணுவுக்குப் போன் போட்டான். "நாலே நாளுதான்டி. அப்பால நம்பளும் பர்மனென்ட்டு!"

மறுநாளே ஒன்று மல்லாந்துவிட்டது. கொன்றது தன் தண்ணீர்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. பிளாண்டுக்குள் போகும் சிவப்புச் சேற்றை ஒன்பது வருடமாக மோந்து பார்த்தவன். வெளியே வருவது லேசான மஞ்சள் நிறத்தில் தெளிந்திருந்தாலும் அதன்மேல் அவனுக்கு நம்பிக்கை வந்ததில்லை. அவசரமாக, குஞ்சுகளை விற்ற திருவள்ளூர் வண்ணமீன் கடை மணிகண்டனுக்குப் போன் போட்டான்.

"ஒண்ணு பூடுச்சு மணிகண்டா. இன்னா பண்றது?"

"பையில ஆட்டிக்கினு போனா ஒண்ணு ரெண்டு போறது சகஜம்ண்ணே. சும்மா சும்மா தண்ணிய மாத்தாத. புதுத் தொட்டியில பழகுன தண்ணிதான் குஞ்சுக்கு நல்லது."

'இது தக்காளித் தண்ணின்னு இவனுக்குத் தெரியாதே' என்று எண்ணிக்கொண்டு போனை வைத்தான் ஆதிகேசவன்.

இரண்டு மணிக்கு ஷிப்டு முடியும். ஒன்றே முக்காலுக்குக் கேன்டீனிலிருந்து இரண்டு கேன் குடிதண்ணீரைத் தோளில் தூக்கி வந்து, தொட்டியிலிருந்ததை இறைத்துக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீரை நிரப்பினான். யாரும் பார்க்கவில்லை என்ற திருப்தியோடு வெளியே வந்தபோது, மாலை ஷிப்டுக்குத் துடைப்பத்தோடு எதிரே வந்தாள் கன்னியம்மா.

"இன்னா நைனா, மீனுங்கல்லாம் எப்டி கீது?"

"சூப்பரா கீதுக்கா! கேன்... கண்ணுக்குக் குளுர்ச்சியா கீது."

புதன் காலை ஓடோடி வந்து பார்த்தான். இரண்டு செத்துப் போயிருந்தன. ஆனால் மிச்சம் ஒன்பதும் போட்ட ஆட்டத்தைப் பார்க்கக் கண் இரண்டு போதவில்லை. ஒன்று கல்லைச் சுற்றியது, ஒன்று இன்னொன்றைத் துரத்தியது.

"கேன் தண்ணின்னா சும்மாவா!" என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். ஒரே ஒரு குறை. தண்ணீர் லேசாக மஞ்சள் பாரித்திருந்தது. தீனி கரைந்து கெட்டுவிட்டதாக முடிவு கட்டி, ஷிப்டு முடியுமுன் மறுபடியும் இரண்டு கேனை மாற்றினான். தெம்புக்கு அவித்த முட்டையின் மஞ்சள் கருவையும் உதிர்த்துப் போட்டான். பத்தே நிமிடத்தில் குஞ்சுகள் அடியில் போய் ஒடுங்கி, வாயை வாயைத் திறந்தன. பதறிப்போய் ஏர் பம்பைக் கூட்டி வைத்தான். சூறாவளியில் சிக்கியதுபோல ஒன்பதும் சுழன்றன. பம்பைக் குறைத்துவிட்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அதற்குள் கேன்டீனில் தண்ணீர் இல்லையென்று ரகளை. விசாரித்த அன்புசெல்வன், "வெயிலுக்கு ஜனங்க நல்லா குடிக்கிறாங்க, குடிக்கட்டும்" என்று பெருந்தன்மையாகக் கூடுதல் கேனுக்குச் சொல்லிவிட்டார்.

வியாழன் காலை ஆறுதான் மிச்சம். அந்த ஆறும் அமர்க்களமாக நீந்தின. தண்ணீர்தான் மறுபடியும் மஞ்சள். பர்மிஷன் போட்டுவிட்டு மணிகண்டன் கடைக்குப் பறந்தான்.

"அதே மாரி இன்னும் ஆறு குஞ்சு குட்ரா."

மணிகண்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாண்ணே, மீனு வளக்கறியா, வறுத்துத் துன்றியா?"

புது வரவுகளுக்காக அன்று மூன்று கேன். தொட்டி, கல், ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்துக் கழுவினான். வெளியே வரும்போது கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நாளைக்குப் பேசலாங்க்கா, ட்ரெயினுக்கு லேட்டாவுது" என்று ஓடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆடிட் என்பதால் எல்லாருக்கும் காலை ஷிப்டு. ஆதிகேசவன் எண்ணினான். பன்னிரண்டு! இன்னொரு தரம் எண்ணினான். பன்னிரண்டேதான்! அவனுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. மஞ்சள் பாரித்த தண்ணீரை மாற்ற நேரமில்லை. மேடம் உள்ளே வந்துவிட்டார்.

"அழகா இருக்கே! இது உங்க ட்ரீட்டட் வாட்டர்தானே?"

"சத்தியமா மேடம்!" என்றார் அன்புசெல்வன்.

"அப்ப செக் பண்ணிடலாம்" என்று மேடம் கைப்பையிலிருந்து பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை எடுத்தார்.

ஆதிகேசவனுக்கு அந்த மீட்டரைத் தெரியும். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பிளாண்ட் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டும், கேன் தண்ணீர் நூறைத் தாண்டாது. பர்மனென்ட் போகட்டும், இன்று காண்ட்ராக்ட்டும் காலி. சின்னப்பொண்ணு முகத்தில் எப்படி முழிப்பது?

மேடம் முதலில் பிளாண்ட் குழாயில் பிடித்துப் பார்த்தார். "ஆயிரத்து நூத்தி நாப்பது."

அடுத்து தொட்டிக்குள் மீட்டரை விட்டார். ஆதிகேசவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஆயிரத்து நூத்தி அம்பது. ஒரே தண்ணிதான். வெரி குட்!"

அன்புசெல்வன் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்காத குறை. "திங்கக்கிழமை ஆர்டர் வாங்கிக்கோ ஆதி!" என்று சொல்லிவிட்டு மேடத்தோடு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

ஆதிகேசவன் தொட்டியையே வெறித்துக்கொண்டு நின்றான். மூன்று கேன் தண்ணீர் எப்படி ஆயிரத்து நூற்றைம்பது காட்டும்?

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கன்னியம்மா அவன் காதருகே வந்தாள்.

"இன்னா நைனா முழிக்கிற? தெனமும் நீ கேன் தண்ணிய ஊத்திட்டுப் போனதும் அதுங்க வாயப் பொளந்துக்கினு கெடக்கும், நான்தான் அத்த எறைச்சு செடிக்கு ஊத்திட்டு உன் பிளாண்டு தண்ணிய ரொப்புவேன், அப்பாலதான் அதுங்களுக்கு உசுரே வரும்!"