தோப்பு சாரின் கம்முடேஷன்

“…அதுக்குப் பெறவுதான் மாந்தோப்ப வித்துட்டேன் வே. குரங்குத் தொந்தரவு தாங்கல” என்று தோப்பு சார் சொன்னபோது எங்கள் பள்ளி அலுவலக அறையில் யாரும் சிரிக்கவில்லை. பாபநாசத்து மலையடியில் இருந்த அந்தத் தோப்பு அவர் மனசுக்குள் மட்டும்தான் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தமிழம்மா, கொடுத்த விலையாவது கிடைத்ததா என்று அக்கறையாக விசாரித்தார்.

பத்திரத்தில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல், தாமிரபரணிக் கரை நெடுகச் சொத்து வைத்திருந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியார். சுவரில் தொங்கும் மேப்பில் குச்சியை வைத்தாரென்றால் அந்த ஊருக்கே போய்விடுவார். பிள்ளைகள் சத்தம் போடாமல் காத்திருக்கும். பள்ளி கிளார்க்கான நான் ஒருமுறை சுற்றறிக்கையோடு வகுப்புக்குப் போனேன். “சார் இன்னும் வரல” என்று ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள். சார் என் எதிரேதான் நின்றுகொண்டிருந்தார்.

இத்தனை சொத்துக்கும் முதல் எது என்றால், கம்முடேஷன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறுகிறவர், வரப்போகிற பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை முன்னாலேயே கையில் தந்துவிடுவார்கள். பதினைந்து வருஷம் பென்ஷன் குறைந்து வரும், அப்புறம் முழுசாகும். நடுவில் ஆள் போய்விட்டால் பாக்கியை யாரும் கேட்பதில்லை. வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் இஷ்டம். “செத்தா நமக்கு லாபம், இருந்தா சர்க்காருக்கு லாபம். எவன் ஜெயிச்சாலும் நமக்குச் சந்தோசம் கிடையாது” என்பது எங்கள் டிரில் மாஸ்டரின் வாக்கு.

தோப்பு சார் அந்தத் தொகையைப் பல வருஷம் முன்பே செலவழிக்க ஆரம்பித்துவிட்டார். தோப்பு போன பிறகு கல்லிடைக்குறிச்சியில் வயல். ஒரு மழைநாளில் முகம் வாடி வந்தார். வீட்டில் யாருக்காவது சுகமில்லையோ என்று பதறிப்போய்க் கேட்டேன். கதிரெல்லாம் சாய்ந்துவிட்டதாம். அடுத்து ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜ். தலைமையாசிரியை விளையாட்டாக, ஆனித் தேர்த் திருவிழாவுக்குத் தங்கச்சி குடும்பம் வருகிறது, ஒரு ரூம் கிடைக்குமா என்று கேட்டுவைத்தார். சார் கண்ணை மூடி மாடியெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்து, “நெறைஞ்சிட்டே மேடம். முன்னாடியே சொல்லப்படாதா?” என்றார். தலைமையாசிரியைக்கு நிஜமாகவே கோபம். சொந்தப் பள்ளிக்கூடத்து ஆளுக்கு ஒரு ரூம் இல்லையாமே என்று என்னிடம் வந்து குறைப்பட்டார்.

நிஜத்தில் சார் குடியிருந்தது குறுக்குத்துறையில், ஒரு வாடகை வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து அதே வீடுதான். பின்வாசலைத் திறந்தால் ஆறு. அவர் ஓய்வு பெறப்போகிற நேரம் பார்த்து வீட்டுக்காரர் விற்க முடிவு செய்தார். மொத்தமாகத் தந்தால் உங்களுக்கே, இல்லையென்றால் வேறு ஆள் தயாராக நிற்கிறார் என்று சொல்லிவிட்டார். வரவேண்டிய மற்ற பணமெல்லாம் மகள் கல்யாணக் கடனுக்கே சரியாகிவிடும். மிஞ்சியது கம்முடேஷன் மட்டும்தான்.

பென்ஷன் தாள்களைத் தயார் செய்தவன் நான். எல்லாவற்றிலும் மடமடவென்று கையெழுத்துப் போட்டவர், கம்முடேஷன் தாள் வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

“வந்துட்டா அது வெறும் பணம் வே. வராத வரைக்குந்தான் தோப்பு, வயலு, லாட்ஜு. ஒத்த வீட்டுக்காக எல்லாத்தையும் விடச் சொல்லுதீரா?”

எனக்கும் அது நியாயம் போலவே பட்டது. அவரோடு கொஞ்ச நேரம் பேசினால் எவனுக்கும் அப்படித்தான்.

பதில் சொல்ல வீட்டுக்காரர் கொடுத்த கெடு முடிகிற அன்றைக்கு மத்தியானம், மதினி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சாரின் வீட்டம்மாவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவது. புருஷனின் எந்தச் சொத்தைப் பற்றியும் அதுவரை ஒரு வார்த்தை கேட்டவரில்லை. வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சார் எதிரே உட்கார்ந்தார்.

“நானும் ஒங்கள மாதிரி நேத்து ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்.”

“எங்கன?” சார் நிமிர்ந்துவிட்டார்.

“தச்சநல்லூர்ல. மாடி வீடு. இந்த வீடு போன பெறவு நாம குடியிருக்கது.”

“சன்னல் எந்தப் பக்கம்?”

“தெக்க. தொறந்தா அடுத்த வீட்டுச் சுவரு.”

“காத்து வருதா?”

“எங்க வருது? நீங்க நாற்காலில இருக்கிய. தோப்புக்குப் போவோம்னு கண்ண மூடுதிய. போக முடியல. முழிக்கிய, திரும்ப மூடுதிய. எனக்குப் பாக்கச் சகிக்கல. எறங்கி வந்துட்டேன்.”

சார் கண்ணை மூடினார். எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் அந்த மாடி வீட்டுப் புழுக்கம் அப்படியே இருந்தது.

“ஆமா. அங்கன இருக்க ஏலாது” என்றார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை, தாங்க முடியாமல், “அப்ப லாட்ஜ் என்ன ஆகும் சார்?” என்றார்.

“மேடம் பேருக்கு எழுதிருதேன்.”

போன மாதம் குறுக்குத்துறைப் பக்கம் போனபோது இப்போது சாருக்கே சொந்தமாகிவிட்ட அந்த வீட்டை எட்டிப் பார்த்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்ஷன் இவ்வளவு குறைந்து வருகிறதே, சிரமமாக இல்லையா என்று கேட்டேன்.

“பதினஞ்சு வருசம் பிடிப்பான்லா? அப்போ அதுவரைக்கும் நான் இருப்பேன்னு சர்க்காரே நம்புது வே. இதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?” என்றவர், பக்கத்தில் காயப்போட்டிருந்த துண்டைப் பைய எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படியில் எனக்கும் இடம் விட்டார்.