நாலாம் கட்டிலின் மருந்து

நல்லமுத்து, அப்புத்துரை ஐயாவுக்குத் தரவேண்டிய பாக்கி முப்பத்தேழு வெள்ளி அறுபது காசு. ஐயா செத்துப்போனது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மத்தியானம், ஐயா படுத்திருந்த நாலாம் நம்பர் கட்டிலின் லாக்கர் மேல் வைத்த மருந்தை யாரோ குடித்துவிட்டிருந்தார்கள்.

கட்டிலில் ஆள் இல்லை. விரிப்பு போட்ட மடிப்புக் கலையாமல் கிடந்தது. பிளாஸ்டிக் குவளை மட்டும் காலி.

"நீயா குடிச்ச?" என்று நல்லமுத்துவைக் கேட்டார் சிஸ்டர் குணவதி. அந்த வார்டுக்கு அவர்தான் தலைமை மிஸ்ஸி, தலைமை நர்ஸ்.

"நெஞ்சுவலி மருந்த நான் எதுக்கு சிஸ்டர் குடிக்கப் போறேன்?"

"ஓசியில கெடச்சா நீ பினாயிலக்கூட குடிப்ப லா."

செத்தவருக்கு எதற்கு மருந்து என்று யாரும் கேட்கலாம். நல்லமுத்துவும் கேட்டான். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் அந்த ஆஸ்பத்திரிச் சட்டம் அப்படி. மருந்தை ஆரம்பிக்க டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும், நிறுத்தவும் அதே டாக்டர்தான் கையெழுத்துப் போடவேண்டும். அந்த டாக்டரோ சீனப் பெருநாளுக்கு ஈப்போ போய்விட்டார். அவர் திரும்பும்வரை கீழே மருந்துக் கவுண்டரிலிருந்து நாலாம் நம்பருக்கு மூன்று வேளையும் குவளை வரும். வந்ததை லாக்கரில் வைக்கவேண்டும். வேளை கழிந்ததும் அப்படியே எடுத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வைப்பதும் எடுப்பதும் வார்டு அட்டெண்டன் நல்லமுத்துவின் வேலை. வைத்தான். எடுக்கப் போனால் காலி.

அன்று சாயங்காலமும் காலி. மறுநாள் காலையும் காலி.

மற்றவர்களுக்குக் குடித்தது யார் என்றுதான் கேள்வி. நல்லமுத்துவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

அப்புத்துரை ஐயா ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் தட்டை, டம்ளரை, மருந்தை யாரும் தொடக்கூடாது. தொட்டால் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துப் புறங்கையில் ஒரு தட்டு. வலிக்காது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கை அவர் பக்கம் நீளாது. "அது என்ர" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அப்பேர்ப்பட்டவர் நல்லமுத்துவுக்குக் கடன் கொடுத்தார். பெண்டாட்டி ஜெயலெட்சுமியின் சங்கிலி பட்டர்வொர்த் அடகுக்கடையில் மூழ்கும் நிலைமை. வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியது முப்பத்தேழு வெள்ளி அறுபது காசு.

"முப்பத்தெட்டா குடுங்கய்யா, ரவுண்டா இருக்கும்."

"உனக்கு வேணுமெண்டது எவ்வளவு? அவ்வளவுதான் கணக்கு."

சில்லறையைக்கூட எண்ணித்தான் கொடுத்தார். நோயாளியிடம் கை நீட்டியது தெரிந்தால் அட்டெண்டனுக்கு வேலை போய்விடும். அதனால் காதோடு காதாக நடந்த காரியம். சாட்சி இல்லை. எழுதி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதத் தேவையில்லை. எனக்கு மறதி இல்லை" என்றார் ஐயா.

அந்தக் கடைசி வார்த்தைதான் இப்போது நல்லமுத்துவைப் பிடித்து ஆட்டியது.

ஐயா போன அன்று அவன் ஒரு கண்ணால் அழுதான். இன்னொரு கண்ணால் சம்பள நாளைப் பார்த்தான். கடவுளே, பாவத்தை மன்னி என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஆனால் நினைத்தது நினைத்ததுதானே. செத்தவர்களுக்கு அதெல்லாம் தெரியாமலா போகும்?

காவல் நின்றுதான் பார்ப்போம் என்று மத்தியான மருந்தை வைத்துவிட்டுக் கட்டிலடியிலேயே நின்றான். ஒன்பதாம் நம்பர் பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினார். ஓடினான். பெரியவரைக் கழிவறைக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் நாலாம் நம்பர் குவளை காலி.

அந்த வரிசையே அந்த வாரம் சரியில்லை. ஒன்பதாம் நம்பர் கழிவறையே கதியென்று கிடந்தார். பதினொன்றாம் நம்பர், காலை உடைத்துக்கொண்டு வந்த திடகாத்திரமான லாரி டிரைவர், சோற்றுத் தட்டில் முகம் விழத் தூங்கினான். என்ன மருந்து கொடுத்தும் எட்டாம் நம்பருக்கு மட்டும் வயிறு இளகவே இல்லை. டாக்டர்மார் மருந்தைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்ட ஒன்பதாம் நம்பர்தான் ஓடினார்.

"ஐயாதான்" என்று முடிவு கட்டினான் நல்லமுத்து. "என்மேல உள்ள கோவத்த ஊர்மேல காட்டுறாரு."

மறுநாள் வீடிருக்கும் பாகான் டாலாமிலிருந்து பெர்ரிப் படகு ஏறும்போதே விபூதிப் பொட்டலம் கொண்டுவந்தான். யாரும் பார்க்காதபோது நாலாம் நம்பர் கட்டிலின் நாலு காலிலும் பட்டை போட்டான். பார்க்காதபோது என்பது அவன் நினைப்பு. ஆறாம் நம்பர் பார்த்துவிட்டார்.

"அடேய், யாருக்குடா நாள் குறிச்சிருக்க?"

பத்து நிமிடத்தில் வரிசையே கலைந்தது. ஆறாம் நம்பர் பன்னிரண்டுக்குப் போனார். பன்னிரண்டு, ஜன்னல் பக்கம் போச்சே என்று சண்டை போட்டு ஏழாம் நம்பரைப் பிடித்தார். மத்தியானக் குவளைகளோ நம்பர் பார்த்து வந்து இறங்கின. ரத்தக் கொதிப்புக்காரருக்கு இருமல் மருந்து, இருமல்காரருக்குக் கொதிப்பு மாத்திரை. சிஸ்டர் குணவதி வந்து ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக் கட்டிலில் திருப்பி ஏற்றுவதற்குள் ஒருவர் மயங்கியே விழுந்துவிட்டார்.

"கட்டில் காலியா கெடந்தாத்தானே இந்தக் கூத்து? ஆளப் போடுறேன்" என்றார் சிஸ்டர்.

அதுவும் லேசில்லை. தமிழர்கள் அந்தக் கட்டிலுக்கு வரமாட்டார்கள். சீனர்களுக்கு நாலு என்ற நம்பரே ஆகாது; அவர்கள் பேச்சில் அது சாவு என்பதுபோல ஒலிக்கும். சிஸ்டர் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி நாலை அழித்து '3ஏ' என்று எழுதவைத்தார். ஒரு சீனக் கிழவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

கீழே கவுண்டரில் 3ஏ என்றால் யாருக்கும் தெரியாது. மூன்றுக்கு இரண்டு குவளை வந்தது. நாலுக்கும் வழக்கம்போல் ஒன்று வந்தது. கிழவருக்கு ஒன்றுமே வரவில்லை.

மத்தியான மருந்து வேளை. வார்டில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கிழவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

"அப்பெக், எங்க போறீங்க?" என்றான் நல்லமுத்து மலாயில்.

"சூடா அடா ஓராங் லா" என்றார் கிழவர். ஏற்கெனவே ஆள் இருக்கு என்று அர்த்தம். சொல்லிவிட்டு நடைபாதை பெஞ்சியில் போய்ப் படுத்தவர் திரும்பி வரவே இல்லை.

"பெயிண்டுக்கு அடியில நாலு தெரிஞ்சிருக்கும்" என்றார் சிஸ்டர். ஆனால் அவரும் அதற்குமேல் அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை.

மயங்கி விழுந்த செய்தி மேலே போயிற்று. மருந்துக் கவுண்டரிலிருந்து மிஸ் ஞானாம்பிகை வந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், லண்டனில் படித்துவிட்டு வந்த பெண். வந்தவர் யாரையும் திட்டவில்லை. அதுவே எல்லாருக்கும் பயமாக இருந்தது. ஒரு முக்காலியைப் போட்டு வார்டு நடுவில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி எப்படித் திரும்புகிறார், எந்தக் கையால் தண்ணீர் குடிக்கிறார், மிஸ்ஸி எந்தப் பக்கம் குனிகிறார் என்று கண் மட்டும் அலைந்தது. இடையிடையே கட்டிலோரம் போய் ஏதோ கேட்பார். மறுபடி முக்காலி.

"ஆள் புடிக்க வந்திருக்கு" என்று நல்லமுத்து முடிவு செய்தான். கடன் விவகாரம் வெளியே வரப்போகிறது, வேலை போகப்போகிறது, சங்கிலி மறுபடி அடகுக்குப் போகப்போகிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவனைக் கூப்பிட்டார். "அண்ணே, இதில ஏறிப் படுங்கோ."

காட்டியது நாலாம் நம்பர் கட்டில்.

"மிஸ், அடிக்கிறதுன்னா அடிச்சிருங்க. இதுல மட்டும் படுக்கச் சொல்லாதீங்க."

"படுங்கோ அண்ணே, கடிக்காது."

படுத்தான். மெத்தையில் இன்னும் ஐயாவின் எண்ணெய் வாசம். சுவரோடு தலை, நடைபாதையைப் பார்த்துக் கால். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இப்ப, உங்கட வீட்டில எண்டால் இப்படியா படுப்பீங்கள்?"

நல்லமுத்து கண்ணைத் திறந்தான். தலைமாட்டுச் சுவர் வடக்குச் சுவர். "ஐயோ, வடக்க தல வச்சு யாராவது படுப்பாங்களா? எமனுக்கு வெத்தல பாக்கு வச்ச மாதிரி." தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுத் திரும்பிப் படுத்தான்.

"சரி. எழும்பி இருந்து உங்கட மருந்தை எடுங்கோ."

எழுந்து உட்கார்ந்தான். வலது கையை நீட்டிக் கைக்கு எட்டிய லாக்கரிலிருந்து குவளையை எடுத்தான்.

"அது யாருடையது?"

குவளையைப் பார்த்தான். மூன்றாம் நம்பர்.

வார்டே சிரித்தது. ஒன்பதாம் நம்பர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு கட்டிலுக்கும் வலப்பக்கம் லாக்கர் எண்டு யாரோ வச்சிருக்கினம்" என்றார் மிஸ். "காலையில விரிப்பு மாத்தினதும் எங்கட ஆக்கள் வடக்க தலை வைக்கப் பயந்து திரும்பிப் படுக்கினம். உடனே அவரவர் லாக்கர் இடப்பக்கம் போயிடுது. மருந்தை இடக்கையால எடுக்கலாமோ? வலக்கையை நீட்டினால் அது பக்கத்துக் கட்டிலின்ர. எட்டின்ர பேதி மருந்தை ஒன்பது குடிச்சிருக்கிறார். பத்தின்ர தூக்க மாத்திரை பதினொண்டுக்கு. நாலின்ர மருந்து அஞ்சுக்கு. பிழை ஆக்களில இல்லை அண்ணே. கட்டில்லதான் இருக்கு."

ஐந்தாம் நம்பரில் இருந்தது சந்திரசேகரன். புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்காரன். திங்கட்கிழமை காலையில் சிறுநீரகக் காய்ச்சலோடு வந்தவன். அந்த நேரம் அவனை எக்ஸ்ரேவுக்குக் கொண்டு போயிருந்தார்கள். சிஸ்டர் பதறிப்போய் அவனைத் தேடி ஓடினார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. காய்ச்சல்கூட இறங்கியிருந்தது.

"அதிர்ஷ்டக்காரன்" என்றார் மிஸ். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த நாளே வடக்குச் சுவர் வரிசையில் எல்லாக் கட்டிலையும் திருப்பினார்கள். நல்லமுத்துதான் இழுத்தான். லாக்கர்கள் தலைமாட்டுக்கு வலப்பக்கம் வந்தன. இனிமேல் குவளையை வைத்துவிட்டுப் போகக்கூடாது, நோயாளி வாயால் பெயரைச் சொன்ன பிறகு கையில் கொடுத்துக் குடிக்கும்வரை நிற்கவேண்டும் என்று ஏற்பாடு. டாக்டரும் ஈப்போவிலிருந்து வந்து நாலாம் நம்பர் மருந்தை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் நம்பர் அன்றைக்குத்தான் ஒரு சாப்பாட்டை உட்கார்ந்து முழுதாகச் சாப்பிட்டார். எட்டாம் நம்பர் முகத்தில் முதல் முறையாகப் புன்னகை தெரிந்தது.

நல்லமுத்துவுக்கு நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி இறங்கினது போல இருந்தது. பேய் இல்லை. இடக்கை வலக்கைதான். பேய் இல்லையென்றால் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லையென்றால் கடனும் இல்லை. மறுநாள் சம்பள நாள். சட்டைப் பையில் புது நோட்டு மொறுமொறுத்தது. ஐயாவின் சம்சாரத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று காலையில் பெர்ரியில் நினைத்ததை மத்தியானம் நினைக்கவில்லை. ஜெயலெட்சுமிக்கு ஒரு சேலை, மிச்சத்துக்கு நாலு நம்பர் லாட்டரி.

அன்றே சந்திரசேகரனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். சட்டை மாற்றிக்கொண்டு, பையை மடியில் வைத்து, அண்ணன் காருக்காக உட்கார்ந்திருந்தான். நல்லமுத்து போய்ப் பக்கத்தில் சாய்ந்து நின்றான். வாய் சும்மா இருக்கவில்லை.

"பேயி பேயின்னு நான் பயந்தது உன்னத்தான். செத்தவரு மருந்த அத்தன நாளு குடிச்சிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கியே. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயி ஒரு தேங்கா உடச்சிரு."

"எந்த மருந்துண்ணே?"

"அதான், வலது கைப் பக்கம் இருந்த குவள."

"அத நான் குடிக்கலையே. யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே. மொத நாளு எடுக்கப் போனது வாஸ்தவந்தான். பக்கத்துக் கட்டில் பெரியவரு மூக்குக்கண்ணாடிக் கூட்டால புறங்கையில ஒன்னு வச்சாரு பாருங்க. 'அது என்ர, உன்ர இடப்பக்கம் கிடக்கு'ன்னாரு. அதுலருந்து என்னோடத மட்டுந்தான் எடுப்பேன். அவருத அவரே குடிச்சுக்குவாரு."

நல்லமுத்துவின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. திருப்பிப் போட்ட நாலாம் நம்பர் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"எந்த... எந்தப் பெரியவரு தம்பி?"

"என்னண்ணே, மருந்து நேரத்துக்கு மட்டும் வந்து உக்காருவாரே. அந்தச் சீனக் கெழவரைக்கூட எழுப்பி விட்டாரே. நேத்து நீங்க கட்டில இழுக்கறப்பகூட உங்களையே பாத்துக்கிட்டு நின்னாரு. இனிமே வரமாட்டேன்னாரு. உங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னாரு, பாருங்க, மறந்துட்டுப் போயிருப்பேன்."

வெளியே கார் ஹாரன் கேட்டது. சந்திரசேகரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"'நல்லமுத்துவிட்டச் சொல்லு, நான் போன பிறகும் மூண்டு நேரமும் மருந்து கொண்டுவந்து வச்சவன், அந்தக் கூலிக்கு முப்பத்தேழு வெள்ளி அறுபது காசையும் கழிச்சாச்சு, கணக்கு நேர்'ன்னாரு."