நிலவோடு கோபித்துக்கொண்ட லேசர் அண்ணை

நிலவைப் பார்த்து உருகிய தமிழர்கள் எத்தனையோ பேர். நிலவோடு கோபித்துக்கொண்ட தமிழர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் லேசர் அண்ணை.

எழுபதுகளின் பிற்பகுதி. சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் ஒரு பழைய வீட்டில் நானும் பொன்னரும் வாடகைக்கு இருந்தோம். மூலை அறை அண்ணையுடையது. ஆனால் அவருக்கு வேலை தெற்கே, கன்பராவையும் தாண்டி, ஒரு மலையில் இருந்த தொலைநோக்கிக் கூடத்தில். நிலவில் இறங்கிய அமெரிக்கர்கள் அங்கே கண்ணாடிகள் பதித்த பெட்டிகளை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இங்கிருந்து லேசர் ஒளியை அடித்தால் அந்தக் கண்ணாடி வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பும். போய்வந்த நேரத்தைக் கொண்டு நிலவின் தூரத்தைச் சொல்லிவிடலாம். ஒளியை அடிப்பது வேறொருவர். வருகிறதா என்று பார்ப்பது அண்ணை. அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒன்றும் வரவில்லை.

கோபம் அதனால்தான். பொன்னரின் டேப் ரெக்கோடரில் நிலாப் பாட்டு வந்தால் எழுந்து போய் நிறுத்துவார். நிலவோடு பழக்கம் இல்லாத ஆட்கள் எழுதினது என்பார். ஒருமுறை மலையில் பொசம் என்ற மரவிலங்கு ஒன்று கேபிளைக் கடித்து வைத்தது. அதற்கும் நிலவுக்குத்தான் ஏச்சு விழுந்தது.

நிலவு தெரியாத நாட்களில்தான் அவருக்கு லீவு. ஆகவே அமாவாசைக்கு அமாவாசைதான் வீட்டுக்கு வருவார். மலையில் தகரத்து பீன்ஸ் தின்று காய்ந்துபோய், நண்டுக் கறிக்கு ஏங்கிக்கொண்டு வருவார். பொன்னரோ தகப்பனாருக்காக அமாவாசை விரதம் பிடிப்பவர். அன்றைக்குக் குசினிக்குள் மீன் மணம் வரக்கூடாது. பாவம், அண்ணை வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் கத்தரிக்காயும் பருப்பும்தான். கடைசியில் பின்வளவில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தானே நண்டு காய்ச்சினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அதை எங்கள் சமயச் சடங்கு என்று நினைத்து, வேலிக்கு மேலால் கைகூப்பினாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு சிட்னியின் மேற்குப் பக்கம் டூங்கபியில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண் வதனி, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தகப்பனார் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். போனது குறித்த நேரத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். பெண் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். தேத்தண்ணி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"நிலவுக்கு வெளிச்சம் அடிக்கிறம், ஐயா."

"அடிச்சு?"

"திரும்பி வருதோ எண்டு பாக்கிறம். இரண்டரை செக்கனிலை வரவேணும்."

"வருதோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப என்ன செய்வியள்?"

"திரும்ப அடிப்பம்."

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். குசினி வாசலில் நின்ற வதனி மட்டும், ஏன் வருவதில்லை என்று கேட்டாள். அவ்வளவுதான். இங்கிருந்து போகும் ஒளி நிலவுக்குப் போவதற்குள் ஊரளவு அகலமாகிவிடும், கண்ணாடியில் படுவது அதில் ஒரு துளி, அந்தத் துளியும் திரும்பி வரும்போது சிதறிப்போகும் என்று மேசையில் சீனியைக் கொட்டி விளக்கினார் அண்ணை. அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தேத்தண்ணி ஆறிப்போனது. வெளிக்கிடும்போது ஸ்டேஷன் மாஸ்டர், அது திரும்பி வந்த பிறகு மற்றதைப் பேசுவோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

மாதங்கள் போயின. மெல்பேர்னில் இருந்து ஓர் எக்கவுண்டன் வதனியைப் பெண் கேட்கிறார் என்று செய்தி வந்தது. அந்த நேரம் பார்த்து மலையிலும் ஏதோ ஒன்று பதிவாகியிருந்தது. நிலவிலிருந்து வந்த ஒளியாகவும் இருக்கலாம், கருவியில் விழுந்த வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம் என்றார் அண்ணை.

பொன்னருக்குப் பொறுக்கவில்லை. "ஓம், வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ அண்ணை. அந்த மனிசன் என்ன நிலவிலை போய்ப் பாக்கவோ போறார்?"

அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்தப் பிள்ளை வடிவாக் கேட்டு விளங்கினது. அதுக்குப் பொய் சொல்லேலாது."

பிறகு அவர் நிலவைத் திட்டுவதையும் விட்டுவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெயில் வானத்தில் பாதி நிலவு வெளிறிப்போய் நிற்கும்போது, அண்ணை பையோடு படலையைத் திறந்தார். நிலவு இருக்கும் நாளில் அவரை வீட்டில் கண்டதே இல்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தோம். அவர் வீட்டுக்குள் வரவும் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு டூங்கபிக்கு ரயில் ஏறினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் ஒரு நீளத் தாளை விரித்தார். எறும்பு மொய்த்தாற்போல் எங்கும் புள்ளிகள், கருவியில் பட்ட ஒவ்வொரு ஒளித்துளிக்கும் ஒன்று. கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். வதனி குனிந்து தாளின் நடுவே விரலை வைத்தாள்.

"அப்பா, மற்றதெல்லாம் கண்டபடி நிக்குது. இது மட்டும் ஒரு வரியிலை நிக்குது."

"அதுதான்," என்றார் அண்ணை. "அதுகள்தான் அங்கை போயிட்டு வந்தது."

கிழவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, தம்பியவைக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

ஆனாலும் ஒரு சிக்கல். அண்ணைக்கு லீவு அமாவாசையில்தான். அமாவாசையில் யார் கல்யாணம் வைப்பார்கள்? வளர்பிறையில் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது அவருடைய அதிகாரிக்கே நம்பமுடியவில்லையாம்.

சிட்னியில் கோபுரக் கோயில் எழும்பாத காலம். வாடகை மண்டபத்தில், மந்திரம் அரைகுறையாகத் தெரிந்த ஒருவரை வைத்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைத் தோழனாகப் பெண்ணின் சகோதரன் நிற்பதுதான் வழக்கம்; வதனிக்குச் சகோதரர் இல்லாததால் நான் நின்றேன். தாலி கட்டும்வரைக்கும் அண்ணை என் கையை விடவே இல்லை.

இந்த நாட்டில் நான் பல வேலைகள் பார்த்துவிட்டேன். அவர் பக்கத்தில் அப்படி நின்றதைத்தான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன்.