பத்துக்குப் பத்து வாங்கித் தந்த மாமா

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்து முடிக்கும்வரை யாரிடமும் காட்டாதே. முடித்த பிறகும் காட்டாதே. உன் விடுதி அறைத்தோழி தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவள் என்றாயே, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படி. உன் உடம்பும் படிப்பும் நலம் என்று நம்புகிறேன். இங்கே ஒருவரும் நலமில்லை. மாமாவின் கல்யாணம் நிற்கப் போகிறது. நிறுத்தியது நான்.

திங்கட்கிழமை தமிழ் டீச்சர் தானே எழுதிய ஒரு பத்தியைக் கொடுத்தார். ஒரு பெண்ணும், அவளுக்குப் பார்த்திருக்கும் ஒருவரும் பேக்கரியில் முதன்முறையாகச் சந்திக்கிறார்கள். அவள் நிற்கும்போதே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறார். தன் கேக்கைத் தொடாமல் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். அவர் எப்படிப்பட்டவர், அவளுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது கேள்வி. "குணத்தைச் சொன்னா ஆதாரம் காட்டணும். கருத்தை உறுதியாச் சொல்லணும். 'இருக்கலாம், தோணுது'ன்னு மழுப்பினா மார்க் கிடையாது" என்றும் சொன்னார். நான் மழுப்புகிறவளா? முந்தி உட்கார்ந்ததால் மரியாதை தெரியாதவர், கடிகாரத்தைப் பார்த்ததால் எப்போது கிளம்பலாம் என்று தவிக்கிறவர், கேக்கை மடித்ததால் மகா கஞ்சன் என்று எழுதினேன். இவரைக் கட்டிக்கொள்வதைவிட அந்த நாற்காலியைக் கட்டிக்கொள்ளலாம், அதுவாவது உட்கார இடம் தரும் என்று முடித்தேன். டீச்சர் அதை வகுப்பில் வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. பத்துக்குப் பத்து போட்டு, தாளைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மாமா ஆபீஸ் வேலையாகப் போனதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இன்று சாயங்காலம் போனை வைத்துவிட்டு அம்மா, "சனிக்கிழமை இவன் போய்ப் பாத்த பொண்ணு யோசிக்கணும்னு சொல்லுதாம்" என்று ஒரு போட்டோவை மேஜைமேல் போட்டாள். போட்டோவில் எங்கள் டீச்சர்.

அம்மா மாமாவின் பேன்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். "யாரோ அவ மனசைக் கலைச்சிருக்காங்க. யாருன்னு மட்டும் தெரியட்டும்" என்று கத்தரிக்கோலை ஒருமுறை திறந்து மூடினாள். அப்பா, "மாடி வீட்டம்மாவாத்தான் இருக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

"யாரும் கலைச்சிருக்க மாட்டாங்கக்கா. கண்ணாடில பாத்தா எனக்கே யோசிக்கணும்போலத்தான் இருக்கு" என்றார் மாமா.

"இந்தக் கிழிசல் எப்படிடா வந்துச்சு?"

"நாற்காலியில ஆணி நீட்டிட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு அதுல உக்காரப் போச்சு. நான் முந்திக்கிட்டேன்."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"பேச்சு வரலையேக்கா. நேரத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். இவளை டியூஷன்லேருந்து கூட்டிட்டு வரணுமே, இருட்டினா பயப்படுவா."

கேக்கைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியதும் இல்லை. அன்று டியூஷன் வாசலில் நசுங்கிய கேக் ஒன்றை நீட்டினார். காகிதத்தில் ஒட்டிய க்ரீமைக்கூட விடாமல் நக்கியவள் நான். பதினான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் மனிதரைப் படித்துப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை எனக்கு. அதற்குப் பத்து மார்க்.

நாளைக் காலையில் மாமா தானே போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிடுகிறாராம், "அவங்க வாயால சொல்ற சங்கடம் அவங்களுக்கு எதுக்கு?" என்கிறார். ஆகவே அக்கா, நீ முந்திக்கொண்டு அவரைத் தடுத்துவிடு. என் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது. விடுதியில் உன்னோடு இருக்கும் எல்லோருக்கும் என் அன்பு. தங்கைக்கு உன் ஆசி இப்போது நிறையத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. யாரிடமும் காட்டாதே என்றேன் அல்லவா, உனக்கே அனுப்பப் போவதில்லை. விடிந்ததும் மாமாவின் போனை ஒளித்துவிட்டு இதை டீச்சர் மேஜையில் வைக்கப் போகிறேன். டீச்சர், 'அக்கா' என்று வரும் இடமெல்லாம் உங்களைத்தான் என்று படித்துக்கொள்ளுங்கள். மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், என் கருத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள். மாமா எப்படிப்பட்டவர் என்றால்

கதவு தட்டும் சத்தம். இரண்டே தட்டு. அம்மா தட்டுவதே இல்லை. அப்பா தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். இது தட்டிவிட்டு வெளியே நிற்கிறது. டீச்சர், இதையும் ஆதாரமாகச்