ஏணி கேட்டுத் தெரு பார்த்தவர்

"ஒனக்கு வீடு பாக்கத் தெரியாது ஆத்தா. எழுதப் படிக்கத்தேன் தெரியும்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், பயிற்சியும் முடித்து, போடிநாயக்கனூரில் ஆசிரியையாக நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என்னைப் பார்த்து இப்படிச் சொன்னவர், தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒரு வீட்டுத் தரகர். ஊர் அவரைச் சாம்பிள் என்று அழைக்கும். போடியில் அவரைப் போல அதிகம் வீடு காட்டியவரும் கிடையாது. அவரைப் போலக் குறைவாக வீடு விற்றவரும் கிடையாது.

தரகுக்கு வருமுன் அவர் ஏலக்காய்க் கிட்டங்கியில் இருந்தவர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி வியாபாரிகளுக்குக் காட்டுவதுதான் அவர் சோலி. அந்தப் பிடிக்குச் சாம்பிள் என்று பெயர். நாளடைவில் ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"மூட்டை வாயில முழுக் காயாத்தேன் கொட்டி வச்சிருப்பான். நடுவுல கைய விட்டாத்தேன் சொத்தை தெரியும். தெருவும் அப்பிடித்தேன்" என்பார்.

ஆகவே அவர் தெருமுனையில் நின்று தெருவைப் பார்க்க மாட்டார். காலையிலும் பார்க்க மாட்டார். வாசல் தெளித்துக் கோலம் போட்ட நேரத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருதானாம். மத்தியானம் மூன்று மணிக்கு, நட்ட நடு வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு ஏணி குடுங்க" என்று கேட்பார். அதுதான் தெருவுக்குச் சாம்பிள்.

ஏன் ஏணி?

"உப்புக் கேட்டா எல்லாரும் குடுப்பாக. நகையக் கேட்டா ஒருத்தரும் குடுக்க மாட்டாக. ஏணிதேன் ரெண்டுக்கும் நடுவுல நிக்கிது."

ஒருமுறை ராசிங்காபுரத்து விவசாயி ஒருவருக்குத் தெரு பார்க்கப் போனார். ஏணியைக் கொடுத்த வீட்டுக்காரர், "அதான் ஏணியோட நிக்கிறீகல்ல, அப்பிடியே மேல ஏறி ரெண்டு ஓட்ட மாத்திருங்க" என்றாராம். இவரும் ஏறினார். இரண்டு ஓடு இருபது ஓடானது. பொழுது சாய்கிற நேரத்தில் தலையெல்லாம் ஒட்டடையாக இறங்கி வந்தவர், கீழே காத்திருந்த விவசாயியிடம், "நல்ல தெருதேன். ஆனா வேலை வாங்கிருவாக" என்றார். விவசாயி பஸ்சைப் பிடிக்க ஓடியவர்தான், அப்புறம் வீடு வாங்குகிற பேச்சையே எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நான் போனதற்குக் காரணம் அவசரம். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அம்மா காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. முழங்கால் வலி முற்றி அவளால் சரிவில் ஏற முடியாமல் போனதும், வேலைக்கு வராதவர்களுக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அறை கிடையாது, மழை பிடிப்பதற்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நானோ ஒரு சக ஆசிரியையின் வீட்டில் பாய் விரிக்கிற அளவு இடத்தில் இருந்தேன். என் சம்பளச் சேமிப்பும் அம்மாவின் காதுத் தண்டட்டியும் சேர்ந்தால், ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டுப்படியாகும் போலிருந்தது.

இரண்டு வீடுகள் அகப்பட்டன. ஒன்று ரயிலடிக்குப் போகும் வழியில் புதுத் தெருவில். இன்னொன்று வாய்க்காலைத் தாண்டிக் கிணற்றுத் தெருவில். நான் ஒரு நோட்டில் கோடு போட்டு இரண்டுக்கும் மதிப்பெண் வழங்கினேன். புதுத் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். விளக்குக் கம்பம் உண்டு, குழாய் உண்டு. அமைதிக்குப் பத்துக்குப் பத்து. கிணற்றுத் தெருவோ தூரம், கொசு, சேறு, ஓயாத சத்தம். அது எல்லாப் பாடத்திலும் தோற்றது.

நோட்டில் எழுதாத காரணமும் ஒன்று இருந்தது. புதுத் தெருவில் ஏலக்காய் வேலைக்குப் போகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே அம்மா ஒரு டீச்சருடைய அம்மாவாக மட்டும் இருப்பாள்.

சாம்பிள் நோட்டைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் அழகாத்தேன் இருக்கு. ஏணி எங்க?" என்றார். அப்போதுதான் அந்த, வீடு பார்க்கத் தெரியாது என்ற தீர்ப்பையும் சொன்னார்.

அம்மா ஜீப்பில் இறங்கி வந்த சனிக்கிழமை, மூன்று மணிக்கு, மூவரும் புதுத் தெருவின் நடு வீட்டு வாசலில் நின்றோம். கதவு பாதி திறந்து, ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஏணி வேணும் ஆத்தா. வெலைக்கு வந்திருக்கிற கடைசி வீட்டு ஓட்டப் பாக்கணும், இவுகதேன் வாங்குறாக" என்றார் சாம்பிள்.

"ஏணி இல்லையே" என்றார் அந்த அம்மாள்.

அவருக்குப் பின்னால், முற்றத்துச் சுவரில், புது மூங்கில் ஏணி ஒன்று சாய்ந்திருந்தது.

"அந்தா நிக்கிதே?"

"அது எங்க ஏணி."

பிறகு அவர் பார்வை அம்மாவின் கறுத்துப்போன விரல்களுக்கு இறங்கியது. "மலை வேலைக்காரவுகளா? நீங்களா வீடு வாங்கப் போறீக?" என்றார். நான் பதிலுக்கு மூச்சை இழுப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. கோபமாகக்கூடச் சாத்தவில்லை. கொஞ்சமும் சத்தம் வராத நல்ல கதவு.

கிணற்றுத் தெருவின் நடு வீட்டில் நாலு பெண்கள் சொளகுகளை வைத்து ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "ஏணிதான, எடுத்துக்கோங்கண்ணே. மூணாவது படி இல்ல, பாத்துக் கால வைங்க" என்றாள் ஒருத்தி. சாம்பிள் ஏற, கீழே ஏணியைப் பிடிக்க இரண்டு பேர் வந்தார்கள். எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஐந்து பேர் வந்தார்கள். அதற்குள் என் சம்பளத்தையும் வயதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

"இன்னுமா கல்யாணம் ஆகல? எங்க நாத்தனா மகன் ஒருத்தன் மதுரையில இருக்கான், சொல்லவா?"

எனக்கு வாய்க்காலில் குதித்துவிடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். அவள் அந்தப் பெண்களுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு சொளகை மடியில் இழுத்துப் போட்டுக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு என்ன எண்ணெய் தடவலாம் என்று ஒரே நேரத்தில் மூன்று யோசனைகள் வந்துகொண்டிருந்தன.

"அம்மா, எந்திரி" என்றேன். இந்தக் காயிலிருந்து அவளை மீட்கத்தானே நான் படித்தேன்!

"சாரமில்ல, சும்மா இரு" என்றாள், பரவாயில்லை என்பதை மலையாளத்தில் கலந்து. ஏதோ சொல்லிச் சிரித்தாள். லயத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் சாம்பிள் தீர்ப்புச் சொன்னார். "புதுத் தெருவையே வாங்கு."

நான் நின்றுவிட்டேன். "அண்ணே, அவுக ஏணியே குடுக்கலையே!"

"குடுக்காததுனாலதேன் அது புதுசா இருக்கு. பண்டத்தப் பாதுகாக்கிற தெரு. இங்க பாரு, மூணாவது படி போயி எத்தனை வருசமோ! ஒரு படி போட வக்கில்லாத தெரு, கெணத்துக்கு எப்பக் கயிறு மாத்தும்?"

"அந்தம்மா கதவச் சாத்துனதப் பாத்தீகள்ல?"

"கதவு நல்லா சாத்துதுல்ல? அதையும் எழுதிக்க."

அதற்குள் நாங்கள் இருவரும் கட்சி மாறியிருந்தோம். அவர் புதுத் தெருவுக்காக வாதாட, நான் கிணற்றுத் தெருவுக்காகக் கத்தினேன். அம்மா வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் எதுக்கு இந்தச் சண்ட போடுறீக? நீ காலையில போனா சாயங்காலந்தேன் வருவ. அண்ணன் நாளைக்கு வேற தெருவுக்குப் போயிருவாரு. பகல் பூரா அந்த வீட்டுல கெடக்கப் போறவ நாந்தேன். கால் வலிக்கிதுன்னு நான் யாருகிட்டச் சொல்ல?"

மறுநாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துத் தூரம் என் நடைக்கு. விளக்கு என் படிப்புக்கு. அமைதி என் தூக்கத்துக்கு. அத்தனை மதிப்பெண்ணும் நான் வீட்டில் இருக்கிற நேரத்துக்குத்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அந்தக் கட்டங்களில் ஆளே கிடையாது. அம்மாவுக்கு வீடு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, அம்மாவை மறைத்து வைக்க ஒரு தெரு தேடியிருக்கிறேன். முதல் வகுப்பில் தேறியவள் இதை எழுதுவது சுலபமாக இல்லை.

கிணற்றுத் தெரு வீடு போன வாரம் அம்மா பேரில் பதிவாகிவிட்டது. சாட்சிக்குச் சாம்பிள்தான் கைநாட்டு வைத்தார். தரகை மட்டும் தொடவில்லை. "தப்பான தெருவ வாங்கிக் குடுத்துட்டுக் கூலி வேறயா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறோம். நேற்று வெற்றிலை பாக்கோடு போய், முதல் அழைப்பாக அவரை அழைத்துவிட்டு வந்தேன். "வர்றேன். ஆனா தெரு சரியில்ல" என்றார். அன்றைக்கு அவர் எங்கள் தெருவை ஒரு குறையும் சொல்லாமல் நின்றுவிட்டால், எனக்கு என்னவோபோல் இருக்கும்.