தங்கள் பலகையை ஓட்டிப் பார்த்த வகையில்

யுனோசாவா பனிச்சறுக்கு மைதானம்,
பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய திரு. ஷிராதோரி யோஹெய் அவர்களுக்கு, நாருசே கென்கிச்சி வணக்கத்துடன் எழுதுவது.

கூரைப் பனியைத் தள்ளித் தள்ளி எல்லாருக்கும் இடுப்பு போனதைத் தவிர இங்கே அனைவரும் நலம். உங்கள் பட்டறைப் பக்கமும் இந்த வருடம் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். நீங்களும் உங்கள் தாயாரும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். டிசம்பரில் உங்களிடம் வாங்கி வைத்த ஸ்னோபோர்டுப் பலகைக்குப் பிப்ரவரி முடியும் தறுவாயில் பதில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். அலட்சியம் காரணமில்லை. நடுவில் மூன்று வாரம் என்னால் உட்கார முடியவில்லை.

அன்று நீங்கள் கறுப்புக் கோட்டும் டையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து, மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்து, "ஐயாகிட்ட ஒரு பெரிய விஷயம் கேக்கலாம்னு வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தீர்கள். என் மகள் சாயோகோ தேநீரை வைத்துவிட்டு, உங்களைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். முப்பத்தொரு வயதுப் பெண்ணைப் பெற்றவனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? அதனால்தான், எதற்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று உங்களை நிறுத்தினேன். வாய்ப்பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒருவன் தன் கையால் செய்த பொருளைப் பார்த்தால் அவன் எப்படிப்பட்டவன் என்பது தெரிந்துவிடும். நீங்கள் கொண்டுவந்திருந்த ஸ்னோபோர்டைக் காட்டி, இதை வைத்துவிட்டுப் போங்கள், இந்த மலையில் எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருப்பது நீங்கள் போன பிறகுதான் உறைத்தது. இந்த மைதானத்தின் வாசலில் "ஸ்னோபோர்டு ஓட்ட அனுமதி இல்லை" என்று இருபத்தாறு வருடமாக ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. அதன் அடியில், மைதானத் தலைவன் என்ற முறையில், இருக்கும் கையெழுத்து என்னுடையது. நான் நான்கு வயதிலிருந்து, காலுக்கு ஒரு கட்டையாகக் கட்டும் ஸ்கீயில் நிற்பவன். இரண்டு காலையும் ஒரே கட்டையில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் போவது மனிதனுக்கு ஆகாது என்று கூட்டங்களிலேயே பேசியிருக்கிறேன். ஆகவே லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், காலை ஆறரை மணிக்கு, முகமூடி போட்டு, என் மனைவி ஹரூயேவின் பழைய ஊதாக் கோட்டை மாட்டிக்கொண்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினேன். முதல் நாள் பத்தொன்பது முறை விழுந்தேன், பத்தொன்பதும் ஒரே எலும்பில். ஆறாம் நாள்தான் பிடிபட்டது. இரவில் இயந்திரம் சமன்படுத்திவிட்டுப் போன சரிவில் நுனிக்காலை அழுத்தினால் ஒரு வளைவு, குதிகாலை அழுத்தினால் மறு வளைவு. திரும்பிப் பார்த்தால் பனியில் பேனாவால் இழுத்தது போல ஒற்றைக் கோடு. அங்கேயே நின்று அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் லிஃப்ட் ஓட்டும் கொந்தோ என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். காலையில் யாரோ ஒரு பெண்மணி திருட்டுத்தனமாக ஸ்னோபோர்டு ஓட்டுகிறாராம். "ஓட்டுறாங்கன்னுகூடச் சொல்ல முடியாது தலைவரே, விழுறாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கோட்டைப் பார்த்தால் உங்கள் வீட்டம்மா மாதிரி இருக்கிறது, நான் வெளியே சொல்லவில்லை என்றார். தீர விசாரிப்பதாக வாக்குக் கொடுத்தேன். அந்த விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர் ஹரூயேவைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கத்தோடு தலையாட்டுகிறாராம். ஏன் என்று தெரியாமல் அவள் பதிலுக்கு ஆட்டுகிறாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மேல் லிஃப்டுக்குக் கீழே காற்று சீவி விட்ட இறுகல் பனியில் பின்கால் பக்கம் பிடி கொடுக்கவில்லை. அந்த ஓரத்தை இன்னும் கூர்மையாகத் தீட்டலாம். மேடும் பள்ளமுமான கிழக்குச் சரிவுக்கு உங்கள் பலகை விறைப்பு அதிகம். நான் பல் செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் மூன்று நாள் விடாமல் பனி பெய்து ஓய்ந்த காலை, வடக்குச் சரிவில் இடுப்பளவு புதுப்பனி. அதில் இந்தப் பலகையின் அகன்ற மூக்கு தானாக மேலே எழும்பியது. வெந்நீர் ஊற்றில் இறங்கியதும் உடம்பு கனமிழந்து மிதக்குமே, அப்படி. சத்தமே இல்லை. அறுபது வருடமாக இந்த மலையில் சறுக்குகிறேன், தனியாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்பில்தான் புத்தி மழுங்கியது. பக்கத்தில் இருந்த மரக்காட்டுக்குள்ளும் விட்டுப் பார்க்கலாம் என்று நுழைந்தேன். மரங்களுக்கு நடுவே பலகை அருமையாக வளைந்தது, மறுக்கவில்லை. வளைய மறந்தது நான். ஒரு பெரிய தேவதாருவின் அடியில், தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே பனி சேராமல் ஒரு குழி இருக்கும்; வருகிறவர்களையெல்லாம் அதன் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிப்பதே என் வேலை. அதில் தலைகீழாகப் போனேன். பலகை மேலே, நான் கீழே. கையை அசைத்தால் கழுத்தைச் சுற்றிப் பனி சரிந்தது. கத்தினால் வாய்க்குள் போனது. இப்போது சிரிப்பாக எழுதுகிறேன், தம்பி, ஆனால் அப்போது மூச்சு எண்ணி எண்ணித்தான் வந்தது. ஹரூயேவின் கோட்டில் நான் செத்துக் கிடந்தால் அவள் ஊருக்கு என்ன சொல்வாள் என்று நினைத்தேன். பிறகு அதுவும் நினைக்க முடியவில்லை.

பலகையின் அடிப்பக்கத்துக்கு நீங்கள் அடித்திருந்த அந்தக் கண்கூசும் சிவப்பு வண்ணம்தான் என்னைக் காப்பாற்றியது. மீட்புக் குழுவில் வேலை செய்யும் சாயோகோ காலைச் சுற்றுக்கு வந்தவள், கிளைகளுக்கு நடுவே சிவப்பைக் கண்டு, யாரென்று தெரியாமலே மண்வாரியால் தோண்டி வெளியே இழுத்திருக்கிறாள். முகமூடியை விலக்கினாள். "அப்பா" என்றாள். அப்படியே பனியில் உட்கார்ந்து கையுறையோடு என் தோளில் நாலு அடி அடித்துவிட்டு அழுதாள்.

"இந்த வயசுல இது என்னப்பா வேலை?"

"அந்தப் பையனுக்குப் பதில் சொல்லணும்ல. ஓட்டிப் பாக்காம எப்படிம்மா சொல்றது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சொல்லப் போறீங்க?"

"சரின்னுதான்."

"சொல்லிடுங்கப்பா. ரெண்டு வருஷமா நடையா நடக்கிறார், பாவம். ஒவ்வொரு தடவையும் நான்தான் இல்லேன்னு சொல்லி அனுப்புறேன். அப்பவும் நன்றி சொல்லிட்டுத்தான் போவார்."

இரண்டு வருடம். என் மகள் எனக்குப் பயந்து ஒரு நல்ல மனிதனை இரண்டு வருடம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். குழிக்குள் அடைத்ததைவிட இதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கடைசி அரைக் கிலோமீட்டர் தட்டையான பாதை; அங்கே உங்கள் பலகை அசையவே இல்லை. அவள் ஸ்கீ கோலின் நுனியை நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன். மீட்புக் குழுவில் எனக்கு ஒரு மகள் இருந்ததற்கும், நீங்கள் சிவப்பு வண்ணம் வாங்கியதற்கும் வழியெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆகவே, மாப்பிள்ளை, என் பதில் சம்மதம். முழு மனதோடு சம்மதம். பனி உருகியதும் உங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு வாருங்கள். இத்தனை நேர்மையாக ஒரு பலகையைச் செய்தவர் என் பெண்ணையும் விழாமல் பார்த்துக்கொள்வார். தப்பித் தவறி விழுந்தாலும் கண்டுபிடிக்கிற மாதிரியாவது வைத்திருப்பார். உங்கள் கைக்கும் உளிக்கும் ஒரு குறையும் வராமல், இருவரும் நீடூழி வாழ இந்த மலைச்சாமியை வேண்டி முடிக்கிறேன்.

உங்கள் மாமனார்,
நாருசே கென்கிச்சி

பின்குறிப்பு: திரு. ஷிராதோரி அவர்களே, உறையில் முகவரி எழுதச் சொல்லி இதைச் சாயோகோவிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்துவிட்டாள். நீங்கள் அன்று கேட்க வந்தது இந்த மைதானத்தில் ஸ்னோபோர்டு ஓட்ட அனுமதியாம். இரண்டு வருடமாக நடந்ததும், காலைச் சுற்று முடிந்து அவள் உட்காரும் அலுவலக ஜன்னலில் அந்த விண்ணப்பத்தைக் கொடுக்கத்தானாம். அவள் திருப்பி அனுப்பியதும் அந்தக் காகிதத்தைத்தானாம். நீங்கள் இருவரும் வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லையாம். எனக்கு மறுபடியும் அந்தக் குழிக்குள்ளேயே போய்விடலாம் போல இருந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, நான் சம்மதம் எழுதியிருந்த மூன்றாவது பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "ஒரு எழுத்தும் மாத்தாதீங்கப்பா. அப்படியே போகட்டும். அவர் என்ன சொல்றார்னு பாக்கலாம்" என்று சொல்லி, தபால்தலையை அவளே ஒட்டினாள்.